செய்தியோடையில் சந்தா சேர்வது எப்படி?

கல்வெட்டுகளைப் பற்றி எழுதும் ஒருவருடைய வலைப்பதிவு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆண்டுக்கு மூன்றோ நான்கோ கட்டுரைகள்தான் எழுதுவார். ஒவ்வொன்றையும் இரண்டு முறையாவது படிப்பேன். அவரை ஒரு சமூக ஊடகத்தில் பின்தொடர்ந்துகொண்டிருந்தேன். எட்டு மாதங்களாக அவர் எழுதியது எதுவும் கண்ணில் படவில்லை. எழுதுவதையே விட்டுவிட்டாரோ என்று வருந்தினேன். ஒரு நாள் வலைப்பதிவையே திறந்து பார்த்தால், அந்த எட்டு மாதங்களில் மூன்று கட்டுரைகள் வந்திருந்தன. அன்றைக்கே செய்தியோடைக்குத் திரும்பினேன். அரிதாக எழுதுபவர்களைத் தவறவிடாமல் படிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

செய்தியோடை என்பது ஒரு பட்டியல். வலைத்தளம் தன் அண்மைப் பதிவுகளை ஒரு தனிக் கோப்பில் வரிசையாக வைத்திருக்கும். புதிய பதிவு வந்தால் அது பட்டியலின் தலையில் ஏறும். உங்கள் கைப்பேசியில் இருக்கும் படிப்பான் செயலி அவ்வப்போது போய் அந்தக் கோப்பைப் பார்த்து, புதியது இருந்தால் எடுத்து வரும். பெயர், மின்னஞ்சல், பணம் எதுவும் கொடுக்க வேண்டாம்.

இதன் ஒரு வகையான ஆர்.எஸ்.எஸ். ஓடையின் முதல் வடிவத்தை 1999இல் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனம் வெளியிட்டது. இன்று பரவலாக இருப்பவை ஆர்.எஸ்.எஸ்., ஆட்டம் என்னும் இரண்டு வகைகள். படிப்பானுக்கு இரண்டும் ஒன்றுதான், நீங்கள் குழம்ப வேண்டாம். தமிழ்மணம் போன்ற திரட்டிகள் தமிழ் வலைப்பதிவுகளைத் திரட்டியதும் இந்த ஓடைகளை வைத்துத்தான். பலரும் பயன்படுத்திய கூகுள் ரீடர் என்ற படிப்பான் 2013 ஜூலையில் மூடப்பட்டதும் ஓடையே வற்றிவிட்டது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். தளங்களில் அது இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

படி 1: படிப்பானை நிறுவுங்கள்

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஃபீடர், ஐஃபோனில் நெட்நியூஸ்வயர். இரண்டும் இலவசம், கணக்குத் தொடங்காமலே பயன்படுத்தலாம். கணினியிலும் கைப்பேசியிலும் மாறி மாறிப் படிப்பவர்களுக்கு இனோரீடர், ஃபீட்லி போன்ற சேவைகள் உள்ளன. முதல் முறை என்றால் கணக்குக் கேட்காத செயலியே போதும்.

படி 2: ஓடையின் முகவரியைக் கண்டுபிடியுங்கள்

பலரும் தடுக்கி நிற்கும் இடம் இதுதான். ஆரஞ்சு நிறச் சதுரத்தில் ஒரு புள்ளியும் அதிலிருந்து விரியும் இரண்டு வளைவுகளும் தெரிந்தால் அதுவே ஓடையின் சின்னம். எல்லாத் தளங்களிலும் அது இருக்காது. இருக்கவும் வேண்டியதில்லை. தளத்தின் வழக்கமான முகவரியைப் படிப்பானில் ஒட்டினாலே பெரும்பாலும் அது ஓடையைத் தேடிக் கண்டுபிடித்துவிடும்.

அப்படிக் கிடைக்காவிட்டால் கையால் முயலலாம். வேர்ட்பிரஸ் தளமானால் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு இட்டு, ஃபீட் என்ற சொல்லை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் சேருங்கள். பிளாகர் தளமானால் ஃபீட்ஸ், போஸ்ட்ஸ், டீஃபால்ட் என்னும் மூன்று சொற்களை, ஒவ்வொன்றுக்கும் முன்னால் சாய்கோடு வருமாறு சேருங்கள்.

இந்த முகவரியை உலாவியில் திறந்தால் கோண அடைப்புக்குறிகளும் ஆங்கிலச் சொற்களுமாக ஒரு பக்கம் வரலாம். பிழை என்று மூடிவிடாதீர்கள். பொறுமையாகப் பாருங்கள்: டைட்டில் என்ற குறிக்குள் பதிவின் தலைப்பு, லிங்க் என்ற குறிக்குள் அதன் இணைப்பு, பக்கத்திலேயே வெளியான தேதி. நீங்கள் தேடி வந்த பட்டியல் அதுதான். முகவரியை நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: சேருங்கள்

செயலியில் ஓடையைச் சேர்க்கும் இடத்தைத் திறந்து முகவரியை ஒட்டித் தேடச் சொல்லுங்கள். சில தளங்களில் இரண்டு ஓடைகள் வந்து நிற்கும். ஒன்று பதிவுகளுக்கு, மற்றொன்று மறுமொழிகளுக்கு. பதிவுகளுக்கானதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். சில நொடிகளில் தலைப்புகள் வரும். வேர்ட்பிரஸ் தளங்களில் பெரும்பாலும் கடைசிப் பத்துப் பதிவுகளே வரும். பழையவற்றுக்குத் தளத்துக்குத்தான் போக வேண்டும். சிலர் முழுக் கட்டுரையையும் ஓடையில் தருவார்கள், சிலர் முதல் சில வரிகளை மட்டும். அது எழுதுபவரின் விருப்பம்.

யூடியூப் சேனல்களுக்கும் ஓடை உண்டு. ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம் பக்கங்களுக்கு இல்லை.

முதல் வாரத்தில் ஐந்து தளங்களுக்கு மேல் சேர்க்காதீர்கள். நாளுக்கு நூறு செய்திகள் போடும் நாளிதழை இப்போதே சேர்த்தால், ஆண்டுக்கு மூன்று முறை எழுதுபவர் அதற்கடியில் புதைந்துவிடுவார். நாளிதழ் கட்டாயம் வேண்டுமென்றால் தனிப் பிரிவில் வையுங்கள்.

படி 4: பட்டியலைப் பத்திரப்படுத்துங்கள்

அமைப்புகளில் ஏற்றுமதி என்ற வசதி இருக்கும். அதை அழுத்தினால் உங்கள் சந்தாக்கள் முழுவதும் ஓ.பி.எம்.எல். என்ற ஒரே கோப்பாகக் கிடைக்கும். கைப்பேசி மாறினாலும் செயலி மாறினாலும் அந்தக் கோப்பை இறக்குமதி செய்தால் போதும், எல்லாத் தளங்களும் மீண்டும் வந்துவிடும். அதை உங்களுக்கே ஒரு மின்னஞ்சலில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.