மொட்டை மாடி வானிலை நிலையத்தின் சிக்னல் கூடத்துக்கு வந்து சேர

மாடியிலுள்ள சென்சார் மழையையும் காற்றையும் அளந்து, ரேடியோ அலையில் கூடத்துத் திரைக்கு அனுப்பும் வானிலை நிலையம் வைத்திருப்பவர்கள் பலரும் முதல் மழைக்காலத்திலேயே சந்திக்கும் தொல்லை, கூடத்திலுள்ள திரையில் எண்கள் மறைந்து ‘--’ என்று வெறும் கோடுகள் தோன்றுவதுதான். மழையின் அளவைப் பெரும்பாலான சென்சார்கள் தொடர் எண்ணிக்கையாகவே அனுப்புவதால், சிக்னல் திரும்பியதும் மொத்தக் கணக்கு சரியாகிவிடும்; ஆனால் இடையில் வீசிய காற்றின் உச்ச வேகம் பெரும்பாலும் போனது போனதுதான். புயல் கரை கடந்த ஓர் இரவில் அப்படி முக்கால் மணி நேரப் பதிவை இழந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

எதையும் வாங்குவதற்கு முன், கோளாறு சென்சாரிலா வழியிலா என்று பிரித்தறிய வேண்டும். திரைக்கருவியை மாடிக்கே எடுத்துச் சென்று, சென்சாரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி வைத்துப் பத்து நிமிடம் கவனியுங்கள். அங்கும் தகவல் வரவில்லையென்றால் பேட்டரியையோ இணைப்பையோதான் பார்க்க வேண்டும். வந்தால், கருவியோடு படிப்படியாகக் கீழே இறங்கி, எந்த இடத்தில் சிக்னல் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடமாவது நிற்பது அவசியம், ஏனெனில் சில சென்சார்கள் சில நொடிகளுக்கு ஒரு முறை அனுப்பினாலும், வேறு சில சென்சார்கள் நிமிடத்துக்கு ஒரு முறைதான் அனுப்பும். பல திரைகள் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும் என்பதால், எண்ணை நம்பாமல், சிக்னலின் வலிமையைக் காட்டும் சிறு கோடுகளைப் பாருங்கள்.

நம் ஊர் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு, சென்சார் நிற்கும் இடத்துக்கு நேர் கீழே திரையை வைப்பது. தூரம் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் செங்குத்தாக நிற்கும் ஆன்டெனாவிலிருந்து அலை எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுவதில்லை. உளுந்து வடையின் துளையில் ஒரு குச்சியைச் செருகி நிறுத்தினால் வடை எப்படிச் சுற்றிலும் பக்கவாட்டில் பருத்திருக்குமோ, அப்படித்தான் அலையின் வலிமையும் பக்கவாட்டில் பரவுகிறது, நேர் மேலும் கீழும் அந்தத் துளையைப் போல வெறுமையாகவே இருக்கும். அதோடு கூரைக் கான்கிரீட்டுக்குள் கம்பி வலையும் படுத்திருக்கிறது. என் வீட்டில் கூடத்தின் நடுவிலிருந்த திரையை மாடிப்படியின் ஜன்னல் ஓரத்துக்கு மாற்றியபோது, தூரம் கூடியபோதிலும் சிக்னல் கோடுகள் முழுமையாக எழுந்தன. இரும்பு பீரோ, குளிர்சாதனப் பெட்டி, முகம் பார்க்கும் கண்ணாடி ஆகியவற்றின் பின்னாலும் அலை சரியாக வராது. மாடியிலும் தகரக் கூரைக்கும் நிறைந்த தண்ணீர்த் தொட்டிக்கும் பின்னால் சென்சார் மறைந்திருக்கக் கூடாது. கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒரு மீட்டர் உயர்த்திக் கட்டினாலே நல்ல மாற்றம் தெரியும்.

அடுத்தது இரைச்சல். மலிவான எல்இடி விளக்குகள், செல்போன் சார்ஜர்கள், இன்வெர்ட்டர், தொலைக்காட்சிக்கான மின் அடாப்டர் ஆகியவை உமிழும் மின் இரைச்சலில் சென்சாரின் மெல்லிய குரல் அமுங்கிப்போகும். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். திரைக்கருவியின் சொந்த அடாப்டரையும் விட்டுவிடாமல், அதைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிச் சோதியுங்கள்.

மழை பெய்வதால் சிக்னல் குறைகிறது என்பது பரவலான எண்ணம், ஆனால் இந்தச் சென்சார்கள் பேசும் 433 அல்லது 868 மெகாஹெர்ட்ஸ் அலையை மழைத்துளிகள் பொருட்படுத்தத்தக்க அளவுக்குத் தடுப்பதில்லை. உண்மையான காரணம் பெரும்பாலும் மின்சாரம். சூரியத் தகடுள்ள சென்சார்கள் கோடை முழுவதும் வெயிலிலேயே ஓடிவிடுவதால், உள்ளேயிருக்கும் பேட்டரி தீர்ந்துபோனது நமக்குத் தெரியாது. வடகிழக்குப் பருவமழையில் வானம் நான்கைந்து நாள் மூடிக்கிடக்கும்போதுதான், சரியாகத் தேவைப்படும் நேரத்தில், சென்சார் ஊமையாகிவிடும். ஆகவே செப்டம்பர் இறுதியிலேயே புதிய பேட்டரி போட்டுவிடுங்கள். சென்சாரின் கையேடு அனுமதித்தால், 1.5 வோல்ட் லித்தியம் பேட்டரி சாதாரண ஆல்கலைனைவிட நீண்ட நாள் உழைக்கும். சாதாரண ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட்தான் தருவதால் சில சென்சார்களுக்குப் போதாது. பெட்டியைத் திறக்கும்போது ஸ்பிரிங்கின் அடியில் பச்சைக் களிம்பு படிந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்: கடலோர ஊர்களில் உப்புக் காற்றே அதைச் செய்துவிடும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, ரப்பர் ஓரம் சரியாகப் பொருந்தும்படி மூடுங்கள். பேட்டரி மாற்றிய பிறகு, சில திரைகள் சென்சாரைத் தேடுவதை நிறுத்திவிட்டு ஓய்ந்திருக்கும். கையேட்டில் சொன்ன பொத்தானை அழுத்தி மீண்டும் தேட வைக்க வேண்டும்.

இணையத்தில் மாற்றுச் சென்சார் வாங்குகிறவர்கள் அதன் அலைவரிசையை முதலில் சரிபார்க்க வேண்டும். 915 மெகாஹெர்ட்ஸ் வட அமெரிக்கச் சந்தைக்கானது. அதை 433 திரையோடு எவ்வளவு அருகில் வைத்தாலும் பேசாது.

இவ்வளவும் செய்தும் போதவில்லையென்றால் திரைக்கருவியின் ஆன்டெனாவைக் கவனிக்கலாம். சில கருவிகளுக்குள் இடம் மிச்சப்படுத்தச் சுருள் கம்பியே இருக்கும். அதற்குப் பதிலாக அலைநீளத்தில் கால் பங்குள்ள நேர்க்கம்பியைப் பற்றவைத்தால் வாங்கும் திறன் பெரும்பாலும் கூடும். 7500ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் நீளம் சென்டிமீட்டரில் கிடைக்கும்: 433க்கு 17.3, 868க்கு 8.6. கருவிக்குள்ளிருக்கும் சர்க்யூட் பலகையில் பற்றவைக்கும் புள்ளியிலிருந்தே அளந்து, கம்பி சென்சாரின் ஆன்டெனாவைப் போலவே செங்குத்தாக நிற்கும்படி வையுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத கருவியில் இதைச் செய்ய வேண்டாம். சென்சாரின் அனுப்பும் சக்தியைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர் எதையும் இணைக்கவும் வேண்டாம். உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்த அலைவரிசைகளில் சக்திக்குச் சட்டப்படி வரம்பு உண்டு.

இரண்டு மூன்று தளங்கள் தாண்ட வேண்டியிருந்தால், வைஃபை இணைப்புள்ள பெறுகருவியை மாடிப்படி அறையிலேயே வைத்து, அங்கிருந்து வீட்டு ரவுட்டர் வழியாகச் செல்போனுக்குத் தகவலைக் கொண்டுவருவதையே நான் பரிந்துரைப்பேன். அந்த அறையில் மின் இணைப்பு இருக்கிறதா என்பதையும், ரவுட்டரின் வைஃபை அதுவரை எட்டுகிறதா என்பதையும் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பார்த்த பிறகே கருவியை வாங்குங்கள்.