இரண்டு புள்ளி மேகங்களுக்கு இடையிலான தூரத்தைக் கிளவுட்கம்பேரில் அளக்கும் முறை

ஒரே சுவரைச் சில மாத இடைவெளியில் இருமுறை லேசர் ஸ்கேன் செய்தால், இரண்டு புள்ளி மேகங்கள், அதாவது முப்பரிமாண அளவீட்டுப் புள்ளிகளின் தொகுப்புகள், கிடைக்கும்; ஆனால் முதல்முறை கதிர் பட்ட இடத்திலேயே இரண்டாம் முறையும் படுவதில்லை. ஆகவே, ஒரு குறிப்பிட்ட புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்று மென்பொருளால் சொல்ல முடியாது. அதற்கு மிக அருகில் உள்ள மற்ற மேகத்தின் புள்ளி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதையே அது கணக்கிடுகிறது. கட்டணமின்றிக் கிடைக்கும் திறமூல மென்பொருளான கிளவுட்கம்பேரைப் பயன்படுத்துவோர் இந்த வேறுபாட்டை மறந்தால், வண்ணப்படம் அழகாகவும் எண்கள் தவறாகவும் அமையும்.

கோப்பைத் திறக்கும்போதே முதல் கவனம் தேவைப்படுகிறது. இம்மென்பொருள் ஆயத்தொலைவுகளை 32 பிட் எண்களாக வைத்துக்கொள்கிறது. இடங்களை மீட்டரில் குறிக்கும் யூடிஎம் வரைபட முறையில் சென்னைப் பகுதியின் வடக்கு மதிப்பு 14 லட்சம் மீட்டரைத் தாண்டும். அவ்வளவு பெரிய எண்ணில் 32 பிட்டால் பிரித்துக் காட்ட முடிவது 12.5 சென்டிமீட்டர் வரைதான். அதனால்தான் ஆயத்தொலைவுகளை ஒரு நிலையான அளவு நகர்த்திச் சிறிய எண்களாக்கும் ‘குளோபல் ஷிஃப்ட்’ என்ற பெட்டி எழுகிறது. அதை ஏற்றுக்கொள்வதோடு, இரண்டு கோப்புகளுக்கும் ஒரே மதிப்பைக் கொடுக்க வேண்டும்.

இரண்டு மேகங்களும் ஒரே ஆயத்தொலைவு அமைப்பில் சரியாகப் பொருந்தாதிருந்தால், பொது அடையாளப் புள்ளிகளைக் கொண்டு தோராயமாக இணைத்த பிறகு, அருகிலுள்ள புள்ளிகளைத் திரும்பத் திரும்ப இணைத்துப் பார்க்கும் ஐசிபி முறையால் நுட்பமாகப் பொருத்தலாம். மாறியிருக்கக்கூடும் என்று ஐயப்படும் பகுதியை இக்கணக்கில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால், நாம் அளக்க வந்த நகர்வையே மென்பொருள் பிழையாக எண்ணிச் சமன்செய்யப் பார்க்கும். அசையாத பாறையையோ பக்கத்துக் கட்டடத்தையோ மட்டும் வெட்டியெடுத்துப் பொருத்தி, கிடைத்த உருமாற்ற அணியை (நகர்த்தலையும் சுழற்சியையும் குறிக்கும் எண் அட்டவணையை) முழு மேகத்துக்கும் செலுத்துவதே பாதுகாப்பானது.

பின்னர் இரண்டையும் தேர்ந்தெடுத்து, ‘டூல்ஸ்’ மெனுவில் ‘டிஸ்டன்சஸ்’ என்பதன் கீழுள்ள ‘கிளவுட்/கிளவுட் டிஸ்ட்’ கட்டளையைத் தர வேண்டும். எது அடிப்படை, எது ஒப்பிடப்படுவது என்று மென்பொருள் கேட்கும். அடர்த்தியும் பரப்பும் மிகுந்ததை அடிப்படையாகக் கொள்வது நல்லது. அடிப்படையில் தரவு இல்லாத இடங்களில் எல்லாம் பொய்யான பெரிய தூரம் தோன்றும். விடை ஒப்பிடப்பட்ட மேகத்தின் மீது வண்ணமாகப் பதியும். அதில் கூட்டல் கழித்தல் குறி இருக்காது.

புள்ளிகள் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரக் கட்டமாக அமைந்த ஒரு தட்டையான சுவரை எண்ணிப் பாருங்கள். இரண்டாம் ஸ்கேனின் புள்ளி ஒரு கட்டத்தின் நடுவில் விழுந்தால், சுவர் அசையாமலே தூரம் 3.5 சென்டிமீட்டர் என்று வரும். சுவர் உண்மையிலேயே 1 சென்டிமீட்டர் முன்தள்ளியிருந்தால் அது 3.7 ஆகும், அவ்வளவுதான்! ‘லோக்கல் மாடலிங்’ பகுதியில் தளப் பொருத்தத்தைத் தேர்ந்தால், அருகிலுள்ள புள்ளிக்குப் பதிலாக அதைச் சுற்றிப் பொருத்திய தளத்திலிருந்து அளக்கப்பட்டு, அந்த 1 சென்டிமீட்டர் வெளிப்படும். ஆனால் சுவர் தன் தளத்திலேயே பக்கவாட்டில் 20 சென்டிமீட்டர் வழுக்கினாலும், ஓரங்களைத் தவிர வேறெங்கும் எதுவும் தெரியாது.

கரடுமுரடான பாறை முகப்புக்கும் ஆற்றங்கரைக்கும் நான் கிளவுட்கம்பேரில் கூடுதலாக இணையும் எம்3சி2 என்ற செருகுநிரலையே பரிந்துரைப்பேன். லாக், புரோது, லெரூ ஆகிய மூவர் 2013இல் வெளியிட்ட இம்முறை, நியூசிலாந்தின் ரங்கிட்டிகெய் பள்ளத்தாக்கு ஸ்கேன்களைக் கொண்டு விளக்கப்பட்டது. இது பரப்புக்குச் செங்குத்தான திசையில், ஓர் உருளைக்குள் விழும் இரு மேகப் புள்ளிகளின் சராசரி நிலைகளுக்கு இடையே அளப்பதால், அரிப்பா படிவா என்பதைக் குறியோடு சொல்கிறது. பரப்பின் கரடுமுரடையும் பொருத்துதல் பிழையையும் சேர்த்து, 95 விழுக்காடு நம்பகத்துடன் அந்த மாற்றம் பொருட்படுத்தத்தக்கதா என்பதையும் ஒவ்வொரு இடத்துக்கும் தருகிறது. பொருத்துதல் பிழையை மட்டும் நீங்கள்தான் உள்ளிட வேண்டும். அதை 0 என்று விட்டுவிட்டால் பொருத்துதல் பிழையால் வந்த மாற்றமும் உண்மை போலத் தோன்றக்கூடும். அசையாத பகுதியை முதலில் தனியே அளந்து, அங்கு வரும் சிதறலைப் பார்த்த பிறகே அந்த எண்ணை நிரப்புங்கள்.