98 சதவீதத்தில் சுற்றிக்கொண்டே இருந்த லைவ் மைக்ரேஷன்

பழைய ஹோஸ்டில் (விஎம்களை ஓட்டும் நிஜ சர்வர்) ஒரு ரேம் பிழை காட்ட ஆரம்பித்ததால், அதில் ஓடிய 64 ஜிபி மெமரி உள்ள டேட்டாபேஸ் விஎம்மை (விர்ச்சுவல் மெஷின், அதாவது சர்வருக்குள் ஓடும் மென்பொருள் கணினி) நிறுத்தாமல் வேறு ஹோஸ்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது. லினக்ஸில் விஎம்களை ஓட்டும் கேவிஎம்தான், விஎம்மை இடம் மாற்றும் 'விர்ஷ் மைக்ரேட்' கட்டளையைக் கொடுத்தேன். 98 சதவீதம் வரை சரசரவென்று போனது, அப்புறம் 91க்கு இறங்கியது, மறுபடி 97, மறுபடி 92. முக்கால் மணி நேரம் இதே ஆட்டம்.

விஷயம் இதுதான்: மைக்ரேஷன் முதலில் மொத்த மெமரியையும் நகலெடுக்கும், அதற்குள் மாறிப்போன பக்கங்களை (மெமரியின் சிறு துண்டுகளை) அடுத்த சுற்றில் திரும்ப அனுப்பும், மிச்சம் கொஞ்சமாகக் குறைந்த பிறகுதான் விஎம்மை ஒரு கணம் நிறுத்தி மாற்றிவிடும். 1 ஜிகாபிட் லைனில் நொடிக்குச் சுமார் 115 எம்பிதான் போகும், டேட்டாபேஸோ அதைவிட வேகமாக எழுதிக்கொண்டிருந்தது. இறைக்க இறைக்க ஊறுகிற கிணறு மாதிரி.

'டொம்ஜாப்அபார்ட்' கட்டளை கொடுத்து மைக்ரேஷனை நிறுத்தினேன் (பயப்பட வேண்டாம், விஎம் பழைய இடத்திலேயே ஓடும்). அப்புறம் மைக்ரேஷனை 10 ஜிகாபிட் ஸ்டோரேஜ் நெட்வொர்க் வழியாகத் திருப்பி, ஆட்டோ கன்வெர்ஜையும் சேர்த்தேன், அது விஎம்மின் சிபியு வேகத்தை முதலில் 20 சதவீதம் குறைக்கும், போதாவிட்டால் அந்தக் குறைப்பைப் பத்துப் பத்து சதவீதமாகக் கூட்டும். போஸ்ட் காப்பியை (விஎம்மை முதலில் புது ஹோஸ்டில் ஓடவிட்டு, மிச்ச மெமரியைப் பிறகு இழுக்கும் முறை) நான் தொடவில்லை, நடுவில் நெட்வொர்க் அறுந்தால் விஎம்மே போய்விடக்கூடும், டேட்டாபேஸை வைத்துக்கொண்டு அந்த ஆபத்து வேண்டாம்.

நான்கு நிமிடத்தில் முடிந்தது. விஎம் பதில் தருகிறதா என்று பார்க்க ஓடவிட்டிருந்த பிங்கில் ஒன்றே ஒன்றுதான் தவறியிருந்தது.