கண்ணாடி ஊதப் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் காட்பாடியில் என் பட்டறைக்கு இரண்டு பையன்கள் பழக வந்தார்கள். ஒருவன் பாலிடெக்னிக் முடித்தவன், இன்னொருவன் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலை லேபில் உதவியாளராக இருந்தவன். இரண்டு பேருக்கும் நல்ல கை. ஆனால் முதல் பத்து நாளில் அவர்கள் செய்த ஒவ்வொரு தப்பும் பழகும் காலத்தில் நான் செய்ததுதான், வரிசைகூட மாறவில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன். சூடான முனையைத் தொடாதே, நைலான் சட்டை போட்டு வராதே என்பதெல்லாம் கை சுட்டாலே தெரிந்துவிடும், அதை விடுகிறேன். நான் சொல்வது பர்னரில் டியூபை உருக்கி லேப் சாமான் செய்கிற, ரிப்பேர் பார்க்கிற வேலை. ஃபிரோசாபாத்தில் உலையிலிருந்து கண்ணாடிக் குழம்பை எடுத்து ஊதுகிறார்களே, அது வேறு.

எந்தக் கண்ணாடி என்று பார்க்காமல் ஒட்டுவது

பழைய சாமான் கடையில் கிடைத்த டியூப், உடைந்த பியூரெட், எது கையில் வந்தாலும் ஒட்டிப் பார்க்கிறார்கள். சூட்டில் அழகாக ஒட்டும். ஆறும்போது 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். லேப் சாமான் செய்கிற, சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடி ஒரு மீட்டர் நீளத்துக்கு 100 டிகிரி சூடேறினால் 0.33 மில்லிமீட்டர் நீளும். சாதாரண சோடா கண்ணாடி கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர் நீளும். ஆறும்போது அதே அளவு சுருங்கும். இரண்டையும் ஒட்டினால் ஒன்று மற்றொன்றைப் பிடித்து இழுக்காமல் என்ன செய்யும்?

சந்தேகம் வந்தால் கிளிசரினில் முக்கிப் பாருங்கள். போரோசிலிகேட் கிட்டத்தட்டக் கண்ணுக்கே தெரியாமல் போகும், சோடா கண்ணாடியின் விளிம்பு தெரியும். கிளிசரின் இல்லையா, இரண்டு துண்டையும் பக்கவாட்டில் சேர்த்து உருக்கி மெல்லிய நூலாக இழுங்கள். நூல் நேராக நின்றால் ஒரே இனம், சுருண்டால் வேறு.

இரண்டு கையும் ஒரே வேகத்தில் சுற்றாதது

இடது கை மேலிருந்து பிடிக்கும், வலது கை பேனா பிடிப்பதுபோல் கீழிருந்து தாங்கும். நடுவில் கண்ணாடி இளகியதும் ஒரு கை முந்திக்கொள்ளும், ஜாயிண்ட் ஈர வேட்டியைப் பிழிந்ததுபோல் முறுக்கிக்கொள்ளும். தீயே இல்லாமல் பழகுங்கள். இரண்டு டியூபுக்கு நடுவே ஒரு துணித் துண்டைக் கட்டி, துணி முறுக்காமல் சுற்ற வருகிறதா என்று பாருங்கள். அந்தப் பாலிடெக்னிக் பையன் நான்கு நாள் இதைத்தான் செய்தான், முணுமுணுத்துக்கொண்டே. ஐந்தாம் நாள் ஜாயிண்ட் நேராக வந்தது.

தீக்குள் வைத்தே ஊதுவது

வெளியே எடு, ஒரு நொடி பொறு, அப்புறம் ஊது.

அனீலிங் செய்யாமல் கொடுப்பது

செய்த சாமானை ஓவனில் மறுபடி சூடேற்றி மெதுவாக ஆறவிடுவதுதான் அனீலிங். அதைச் செய்யாமல் விடுவதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் இது தெரியாமல் நடக்கும் தப்பு இல்லை, 'உடையலையே அண்ணா' என்று சொல்லிக்கொண்டே செய்கிற தப்பு.

சூடான கண்ணாடி ஆறும்போது வெளிப்பக்கம் முதலில் இறுகிவிடும். உள்ளே இன்னும் சூடு இருக்கும், அது பிறகு சுருங்கப் பார்க்கும், இறுகிவிட்ட வெளிப்பக்கம் விடாது. அந்த இழுவை அப்படியே உள்ளே பூட்டிக்கொண்டு நிற்கும். மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும், தட்டினால்கூட நன்றாக ஒலிக்கும். போரோசிலிகேட்டை 560 டிகிரிக்குக் கொண்டுபோய் வைத்தால் அந்த இழுவை சில நிமிடங்களில் தளர்ந்துவிடும். 510 டிகிரி வாக்கில் அதே தளர்வுக்கு மணிக்கணக்கில் ஆகும். அதனால் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மெதுவாக இறக்க வேண்டும்.

நான் தனியாக வேலை பார்க்க ஆரம்பித்த வருடம் ஒரு லேபுக்கு லீபிக் கண்டென்சர், அதாவது ஆவியைத் தண்ணீரால் குளிரவைக்கும் இரட்டைக் குழாய், செய்து கொடுத்தேன். உள் குழாயும் வெளி ஜாக்கெட்டும் சேரும் அந்த ரிங் சீல்தான் அதில் கஷ்டமான இடம், அது எனக்கு நன்றாகவே வந்திருந்தது. ஆக்சிஜனைக் குறைத்து, மஞ்சள் தீயில் கரி படியும்வரை சுற்றி, ஓரமாக வைத்து ஆறவிட்டுக் கொடுத்துவிட்டேன். பதினோராவது நாள் போன் வந்தது. காலையில் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், உள்ளே ஆவி ஏற ஆரம்பித்ததும் ரிங் சீலைச் சுற்றி வட்டமாக வெடித்து, ஜாக்கெட் தண்ணீர் மொத்தமும் கீழே இருந்த பிளாஸ்கில் இறங்கிவிட்டது. ஒரு மாணவி மூன்று நாள் செய்து வைத்திருந்த பொருள் அதில் போனது. நேரில் போனேன். அந்தப் பெண் ஒரு வார்த்தை திட்டவில்லை, விரிசலை விரலால் காட்டி 'இங்கேதான் சார்' என்றாள். வேறு ஒன்று செய்து கொடுத்தேன், காசு வாங்கவில்லை. ஆனால் அந்த மூன்று நாளை நான் எங்கிருந்து கொடுப்பேன்?

கரி படிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அது சாமானை ஓவனுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை உடையாமல் காப்பாற்றும், அவ்வளவுதான். மெல்லிய சாமானுக்கு நான் 560-ல் அரை மணி நேரம் வைத்து, நிமிடத்துக்கு இரண்டு டிகிரி வீதம் 450 வரை இறக்கி, அப்புறம் சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவைத் திறக்காமல் வீட்டுக்குப் போய்விடுவேன். காலையில்தான் எடுப்பேன். தடிமன் கூடினால் நேரமும் கூட வேண்டும்.

இந்த ஊரில் கேட்கிற சாக்கு ஒன்று இருக்கிறது. 'வேலூர் வெயிலுக்குக் கண்ணாடி தானா மெதுவாத்தான் ஆறும்.' கணக்குப் போட்டுப் பாருங்கள். அக்னி நட்சத்திரத்தில் 42 டிகிரி என்றே வைத்துக்கொண்டாலும் 560-லிருந்து 42-க்கு இறங்க 518 டிகிரி இருக்கிறது. மார்கழிக் காலையில் அது 540 ஆகும். இதில் வெயில் என்ன உதவி செய்துவிட்டது? உண்மையில் வெயில் கெடுதல்தான் செய்கிறது, ஏனென்றால் புழுக்கம் தாங்காமல் மேஜை ஃபேனைப் போடுகிறோம், அந்தக் காற்று ஜாயிண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் அடிக்கிறது. ஃபேனை முதுகுக்குத் திருப்புங்கள், இல்லையென்றால் விடிகாலையில் வேலையை ஆரம்பியுங்கள்.

இழுவை இருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். பழைய எல்சிடி மானிட்டரில் வெள்ளைத் திரையை வையுங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸை எடுத்துத் திரை கறுப்பாகும்வரை திருப்பி, அப்படியே கண்முன் பிடித்துக்கொண்டு, நடுவில் சாமானை நீட்டுங்கள். அனீல் ஆனது கறுப்பாகவே இருக்கும். ஆகாதது ஜாயிண்டைச் சுற்றி வெள்ளையாக ஒளிரும். சாமானைச் சாய்த்தும் திருப்பியும் பாருங்கள், ஒரே நிலையில் வைத்தால் சில இடம் மறைந்துவிடும். இந்தப் பையன்களுக்கு நான் முதலில் காட்டியது இதைத்தான். அவர்களே செய்த T வடிவ ஜாயிண்ட், மூலையில் இரண்டு வெள்ளைத் தீற்றல். அதன்பிறகு 'உடையலையே' என்ற பேச்சு வரவில்லை.

ஓவன் வாங்க வசதி இல்லையா? வெப்பநிலையைச் சரியாகக் காட்டும் மஃபிள் ஃபர்னஸ் (மூடிய சூளை) பல கல்லூரி லேப்களில் உண்டு. வாரத்துக்கு ஒருநாள் கேட்டு, சேர்த்து வைத்துப் போடுங்கள்.

சிலிண்டர் ரெகுலேட்டரில் எண்ணெய், கிரீஸ்

ஆக்சிஜன் பக்கம் ஒரு சொட்டுகூடக் கூடாது. தீப்பிடிக்கும்.

சாதாரணக் கறுப்புக் கண்ணாடி போட்டு வேலை செய்வது

தீயில் கண்ணாடியிலிருந்து கிளம்பும் சோடியத்தின் மஞ்சள் ஒளியை மட்டும் வடிகட்டும் டிடிமியம் கண்ணாடிதான் வேண்டும். கூலிங் கிளாஸ் எல்லாவற்றையும் இருட்டாக்கும், கண்ணாடி எங்கே இளகுகிறது என்பது தெரியாது.

கழுவாத சாமானை வாங்கித் தீயில் காட்டுவது

நம் பக்கத்தில் இது ரொம்ப முக்கியம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை லேப்களிலிருந்து ரிப்பேருக்கு வருகிற பிளாஸ்கில் என்ன இருந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். தோலில் குரோம் அளவு பார்க்கப் பெர்குளோரிக் அமிலம் போடுகிறார்கள். அதன் மிச்சம் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து சூடேறினால் வெடிக்கலாம். வெடிக்காவிட்டாலும், ஊதும் ரப்பர் குழாயின் மறுமுனை உங்கள் வாயில்தான் இருக்கிறது. நான் கழுவி உலர்த்திய சாமானை மட்டுமே வாங்குவேன், வாங்கியபின் நானும் ஒருமுறை கழுவுவேன். இதற்காக ஒரு வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனார், போகட்டும்.

எல்லா வாயையும் அடைத்துவிட்டுச் சூடாக்குவது

ஊதும் குழாயைத் தவிர மற்ற வாய்களுக்குக் கார்க் போடுங்கள், சரி. ஊதும் குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு சூடேற்றாதீர்கள். உள்ளே காற்று விரிந்து, இளகிய இடம் குமிழாகப் புடைத்து உங்கள் முகத்துக்கு நேராகக் கிழியும். இரண்டாவது பையனுக்கு நேற்றுதான் இது நடந்தது. கண்ணில் கண்ணாடி போட்டிருந்தான்.