மருத்துவ நிபுணர்கள் சமூக ஊடகத்தில் பயனுள்ள விவாதம் நடத்துவது எப்படி?

பட்டமேற்படிப்பு முடிந்து சிறிய ஊரில் பணியில் சேரும் சிறுநீரகவியல் நிபுணருக்கு, மருத்துவக் கல்லூரியில் நாள்தோறும் கிடைத்துவந்த விவாதம் ஒரேயடியாக நின்றுபோகிறது. அந்த இழப்பைச் சமூக ஊடகத்தால் பெருமளவு ஈடுசெய்ய முடியும் என்பதற்கு, 2014-இல் ஜோயல் டாப்ஃப், ஸ்வப்னில் ஹிரேமத் ஆகியோர் ட்விட்டரில் தொடங்கிய நெஃப்ஜேசி என்ற சிறுநீரகவியல் விவாதக் குழு நல்ல சான்று. ஒரு புதிய ஆய்வுக் கட்டுரையைத் தேர்ந்தெடுத்து, அதன் சுருக்கத்தை முன்கூட்டியே வெளியிட்டு, அறிவித்த நேரத்தில் ஒரே ஹேஷ்டேக்கின் கீழ் பல நாட்டு மருத்துவர்கள் விவாதிப்பதே அதன் முறை.

இத்தகைய விவாதத்தில் புதிதாகச் சேருபவர், கட்டுரையின் சுருக்கத்தோடு நின்றுவிடாமல், யார் சேர்க்கப்பட்டார்கள், யார் விலக்கப்பட்டார்கள் என்ற பகுதியைக் கட்டாயம் படித்துவிட வேண்டும். நாள்பட்ட சிறுநீரக நோய்க்கு டாபாகிளிஃப்ளோசின் என்ற மருந்தைச் சோதித்து 2020-இல் வெளியான டாபா-சிகேடி ஆய்வை எடுத்துக்கொள்வோம். அதில் இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் திறனின் மதிப்பீடு) 25 முதல் 75 வரை இருந்தவர்களே சேர்க்கப்பட்டனர். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பெருகும் பாலிசிஸ்டிக் நோய் உள்ளவர்கள் விலக்கப்பட்டனர். “இந்த மருந்து நல்லதா?” என்ற பொதுவான கேள்விக்குப் பொதுவான பதில்தான் வரும். “இஜிஎஃப்ஆர் 22 உள்ளவருக்குத் தொடங்கச் சான்று உண்டா?” என்று கேட்டால், அதே வகை மருந்தான எம்பாகிளிஃப்ளோசினைச் சோதித்து 2022-இல் வெளியான எம்பா-கிட்னி ஆய்வு, இஜிஎஃப்ஆர் 20 வரை குறைந்திருந்தவர்களையும் சேர்த்திருந்ததை யாராவது சுட்டிக்காட்டுவார்கள். கேள்வி எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ, பதில் அவ்வளவு பயன்படும்.

ஆய்வுக் கட்டுரையைவிட, நோயாளியின் கேஸைப் பகிரும்போதுதான் மிகுந்த கவனம் தேவை. ஸ்கேன் படத்தின் மூலையில் பெயர், வயது, மருத்துவமனை எண், தேதி ஆகியவை பதிந்திருக்கும். ஸ்கேன் கருவிகள் படத்தைச் சேமிக்கும் டைகாம் வடிவக் கோப்பாக அனுப்பினால், படத்தில் தெரியாவிட்டாலும் உள்ளே அவை இருக்கக்கூடும். பவர்பாயிண்டில் பெயரின் மேல் கறுப்புக் கட்டம் வைத்து அந்தக் கோப்பையே அனுப்பினால், பெறுபவர் அந்தக் கட்டத்தை நகர்த்திப் பெயரைப் படித்துவிடலாம். படத்தைத் தேவையான பகுதிக்கு மட்டும் வெட்டி, புதிய படக்கோப்பாகச் சேமித்து, அதையே மறுபடி திறந்து பார்த்த பிறகுதான் பதிவிட வேண்டும். முகம், பச்சை குத்திய இடம் மட்டுமல்ல, அரிய நோயோடு ஊரின் பெயரும் சேர்ந்தாலே ஆளை அடையாளம் காண முடியும் என்பதை மறக்கக் கூடாது.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள், அடையாளம் தெரியும்படி படத்தையோ கேஸையோ நோயாளியின் அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்கின்றன. சமூக ஊடகத்துக்கென வழிகாட்டுதல்களைக் கொண்ட தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகள் 2023 ஆகஸ்ட்டில் அறிவிக்கப்பட்டு, அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டன. ஆயினும் அடையாளம் நீக்கிய படத்துக்கும் நோயாளியிடம் அவருடைய மொழியில் விளக்கி, எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெறுவதே முறை என்பது என் உறுதியான கருத்து. சிகிச்சைக்காக அவர் தந்த கையெழுத்து இதற்குப் பொருந்தாது.

வாட்ஸ்அப் குழு மூடியது என்பதால் பாதுகாப்பானது என்று எண்ண வேண்டாம். வந்த படங்கள் உறுப்பினர்களின் கேலரியில் தானாகச் சேர்ந்து, குடும்பத்தார் பார்க்கும் இடத்துக்கும் போய்விடலாம். தானாகச் சேமிக்கும் வசதியை அணைப்பதையும், உறுப்பினர்களின் மருத்துவப் பதிவெண்ணைச் சரிபார்ப்பதையும் நிர்வாகி நிபந்தனையாக வைக்கலாம். அவசர நிலையில் குழுவின் பதிலுக்குக் காத்திருக்காமல், மூத்த நிபுணரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும்.

மருந்து நிறுவனத்திடம் உதவித்தொகை பெறுபவர், அம்மருந்தைப் பற்றிப் பேசும் பதிவிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். கேஸைப் பகிர்ந்தவருக்கும் ஒரு கடமை உண்டு: பயாப்ஸி முடிவு வந்ததும், பெற்ற யோசனைகளில் எது சரியாக இருந்தது, எது தவறியது என்று அதே இழையில் எழுத வேண்டும். பலரும் இதைச் செய்யாமல் விடுவதால், நல்ல விவாதங்கள் விடையின்றிப் பாதியில் நிற்கின்றன.