பழைய லேப்டாப்ல ப்ராசஸரை மட்டும் மாத்தலாம், பாத்துக்கிடுங்க

இன்டெல் ஐ3-4000எம் ப்ராசஸர் (4ஆம் ஜெனரேஷன்) போட்ட பழைய லேப்டாப் வச்சிருந்தா புதுசுக்கு அலைய வேண்டாம், செகண்ட்ஹேண்ட்ல ஐ7-4702எம்க்யூ ஒண்ணு வாங்கி மாத்திக்கிடுங்க. ரெண்டும் ஒரே சாக்கெட் (ப்ராசஸரை மாட்டுற இடம்), சூடு கணக்கும் ரெண்டுக்குமே 37 வாட்டுங்கதால பழைய ஃபேன், ஹீட்சிங்க்கே (சூட்டை இழுத்து வெளியேத்துற உலோகம்) போதும், ஆனா கோர் (வேலை செய்யுற மூளை) மட்டும் 2லேர்ந்து 4 ஆயிரும். கடைக்காரரு 4700எம்க்யூ இருக்கு எடுத்துக்கிடுங்கன்னா வேண்டாம்னுருங்க, அது 47 வாட், நம்ம பாளையங்கோட்டை வெயிலுக்கு அடுப்பு மாரி கொதிக்கும். உங்க மாடலுக்கு ஐ7 சப்போர்ட் உண்டான்னு சர்வீஸ் மேனுவல்ல பாத்துட்டு, பயாஸை (லேப்டாப்பை ஸ்டார்ட் பண்ற அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணிட்டு, ப்ராசஸர் சூட்டை ஹீட்சிங்க்குக்கு கடத்துற தெர்மல் பேஸ்ட் புதுசா ஒரு பயறு அளவு வச்சு மாட்டுங்க.

ப்ராசஸர் பேரு கடைசில யூ, எச்க்யூன்னு இருந்தா விட்ருங்க, அது போர்டுலயே சால்டர் பண்ணது (ஈயம் வச்சு ஒட்டுனது), கழட்டி மாத்த முடியாது. 5ஆம் ஜெனரேஷன்லேர்ந்து அநேகமா எல்லாமே அப்படித்தான், அதுக்கு ரேமைக் கூட்டி, பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா வேகமான எஸ்எஸ்டி போடுறதுதான் வழி.