கரண்ட் போய் வந்தாலும் இரண்டாவது டிஸ்க் தானாக மவுண்ட் ஆக

ஆனி, ஆடி வந்துவிட்டால் செங்கோட்டைப் பக்கம் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளும், கரண்ட் நினைத்த நேரத்துக்குப் போகும். பாவூர்சத்திரத்திலிருந்து கேரளத்துக்குக் காய்கறி ஏற்றும் ஒரு கடையின் பில்லிங், உபுண்டு விர்ச்சுவல் மெஷினில் (ஒரு கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) ஓடுகிறது. அதைப் பார்த்துக்கொள்வது நான்தான். ஒரு நாள் விடிகாலை போன்: "தம்பி, லாரி புளியரைக்குக் கிளம்பணும், பில்லு வரமாட்டேங்குது." கரண்ட் போய் வந்ததில் மெஷின் முழுதாக எழாமல் எமர்ஜென்சி மோடில் நிற்கிறது, தூரத்திலிருந்து உள்ளே நுழைய எஸ்எஸ்எச்சும் கிடையாது. தப்பு முழுக்க என்னுடையதுதான். பில் டேட்டா இருக்கும் இரண்டாவது டிஸ்க்கை, ஓடுகிற மெஷினில் மட்டும் சொருகியிருந்தேன், செட்டிங்கில் சேர்க்கவில்லை.

அதனால் இரண்டு இடத்தில் வேலை இருக்கிறது, மெஷினைத் தாங்கும் ஹோஸ்ட் கம்ப்யூட்டரில், அதாவது வெளியே ஒன்று, மெஷினுக்கு உள்ளே ஒன்று. மெஷின் ஓடுவது கேவிஎம்மில் (லினக்ஸின் விர்ச்சுவல் மெஷின் வசதி) என்றால் வெளியே 'விர்ஷ் அட்டாச்-டிஸ்க்' கட்டளையோடு '--பெர்சிஸ்டன்ட்' கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் மெஷினை அணைத்ததும் டிஸ்க் கழன்றுவிடும். டிஸ்க், எழுத எழுத வளரும் க்யூகவ்2 வகைக் கோப்பு என்றால் '--சப்டிரைவர் க்யூகவ்2' என்றும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அதை ரா, அதாவது கோப்பின் அளவே டிஸ்க்கின் அளவு, என்று எடுத்துக்கொள்ளும், 100 ஜிபி புது டிஸ்க் உள்ளே சில நூறு கேபியாகத் தெரியும், நீங்கள் முழிப்பீர்கள். கையோடு 'விர்ஷ் ஆட்டோஸ்டார்ட்' போட்டுவிட்டால் ஹோஸ்ட் எழுந்ததும் மெஷினும் எழும்.

உள்ளே 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' அடித்து டிஸ்க்கின் யுயுஐடியை, அதாவது அடையாள எண்ணை, எடுங்கள். ஃபார்மேட் செய்யாத டிஸ்க்குக்கு அது இருக்காது, முதலில் எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டமாக ஃபார்மேட் செய்யுங்கள். டிஸ்க்குக்கு லினக்ஸ் வைக்கும் விடிபி, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பாதீர்கள், அடுத்த பூட்டில் மாறலாம். மவுண்ட் செய்ய, அதாவது டிஸ்க்கை ஒரு ஃபோல்டர் வழியாகத் திறக்க, /டேட்டா என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும், ஈடிசி-யில் இருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் இந்த ஒரு வரி:

யுயுஐடி=உங்கள்-எண் /டேட்டா எக்ஸ்ட்4 டிஃபால்ட்ஸ்,நோஃபெயில் 0 2

கடைசி 2, உபுண்டு இருக்கும் ரூட் டிஸ்க்குக்குப் பிறகு இதைச் சோதி என்பதற்கு. உயிர்நாடி 'நோஃபெயில்'தான். அது இல்லாததால்தான் அன்று என் மெஷின் 90 வினாடி டிஸ்க்குக்காகக் காத்திருந்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

ஆனால் நோஃபெயில் போட்டால் வேறொரு வம்பு வரும். டிஸ்க் வராவிட்டாலும் மெஷின் எழுந்துவிடும், டேட்டாபேஸும் கிளம்பி வெறும் /டேட்டா ஃபோல்டரில், அதாவது ரூட் டிஸ்க்கில் எழுத ஆரம்பித்துவிடும், பழைய பில் எல்லாம் மாயமானதுபோல் இருக்கும், கடைக்காரர் முகத்தைப் பார்க்க முடியாது. அதற்கு, மவுண்ட் செய்வதற்கு முன்பே காலி ஃபோல்டரின் மேல் 'சிஎச்ஏடிடிஆர் +ஐ' போட்டுப் பூட்டிவிடுங்கள், ரூட் யூசரால்கூட அதில் எழுத முடியாது. அப்புறம் டேட்டாபேஸின் சர்வீஸ் கோப்பில், யூனிட் பகுதியில், 'ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=/டேட்டா' என்று சேர்த்தால் டிஸ்க் ஏறாமல் அது கிளம்பவே கிளம்பாது.

சரி, உடனே ரீபூட் செய்துவிடாதீர்கள். 'ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை' எழுத்துப்பிழையைக் காட்டிக்கொடுக்கும். பிறகு 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்', 'மவுண்ட் -ஏ'. பிழை ஏதும் வராவிட்டால் மெஷினை முழுக்க அணைத்துத் திரும்ப ஏற்றுங்கள். உள்ளிருந்து ரீபூட் செய்து பார்ப்பது இதற்குப் போதாது, லைவாக மட்டும் சொருகிய டிஸ்க் அதில் கழலாமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். நான் ஏமாந்தது அங்கேதான்.